உயரம் பாய்ந்தவரும் அதிபர் நாற்காலியும்

யாழ்ப்பாணத்துப் பாடசாலையின் நினைவு இரண்டு இடங்களில் பேணப்படுகிறது: ஒன்று அலுவலக அலுமாரி, மற்றையது ஊர்வாய். க.பொ.த. உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் 'ஏ' பெற்றுப் பொறியியற் பீடத்துக்குப் போனவரின் பெயர் அலுமாரிக்குள் பத்திரமாகத் தூங்க, அதே ஆண்டு வெறுங்காலோடு உயரம் பாய்ந்து பாடசாலைச் சாதனை வைத்தவரின் பெயரோ சந்தையிலும் தேநீர்க்கடையிலும் புழங்கி, ஆண்டுக்கு ஓர் அங்குலமாவது கூட்டிச் சொல்லப்படுகிறது. பாய்ந்தவர் ஓய்ந்த பின்னும் பாய்ச்சல் வளர்கிற இந்த விந்தையே, அவரைப் பிற்காலத்தில் பயிற்றுநராகவும் ஈற்றில் அதிபராகவும் உயர்த்தி வைக்கும் சமூகச் சக்தியாகும்.

ஆய்வைத் தொடர்வதற்கு முன் சில கலைச்சொற்களை விளக்குவது நன்று. இலங்கைத் தமிழ்ப் பாடசாலை வழக்கில், ஓடுதல், பாய்தல், எறிதல் ஆகியவற்றில் தேர்ந்தவர் மெய்வல்லுநர் எனப்படுவார். மாணவர்கள் ஆண்டுதோறும் தமக்குள் மோதிக்கொள்வதற்காகப் பிரிக்கப்படும் நிறக்குழுக்கள் இல்லங்கள் எனப்படும். பாடசாலைத் தலைவர் அதிபர் எனப்படுவார். உயரம் பாய்தலுக்கு மூன்று விதிகள் முக்கியமானவை. பாய்பவர் ஒற்றைக் காலால் உந்தியே எழவேண்டும்; தொடர்ந்து மூன்று தடவை தவறினால் போட்டியிலிருந்து விலகவேண்டும்; விரும்பினால் ஓர் உயரத்தைப் பாயாமலே தவிர்த்துவிட்டு அடுத்த உயரத்தில் முயலலாம், ஆனால் முன்னைய தவறுகள் கணக்கிலிருந்து நீங்கமாட்டா. பொதுநிருவாகம் பற்றிய பாடநூல்கள் எவையும் இம்மூன்றையும் சேர்த்துக்கொள்ளாதது பெருங்குறையே.

வடபகுதியில் உயரம் பாய்கிற எவருக்கும் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் என்ற பெயரிலிருந்து தப்ப வழியில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்ற அவர், 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேர்ணிலும் ஒலிம்பிக்கில் பங்குபற்றி, 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் பாய்ந்து, அவ்விழா வரலாற்றில் இலங்கைக்கு முதலாவது தங்கத்தை ஈட்டினார்; பின்னர் கலாநிதிப் பட்டமும் பெற்றார். விளையாட்டுத் திடலில் நிற்கிற பிள்ளை படிப்பில் உருப்படாது என்ற யாழ்ப்பாணத்துத் தாய்மாரின் கோட்பாடு இந்த ஒரு சான்றினாலேயே சரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர்களோ, படிக்கிற பிள்ளை என்றபடியால்தான் அவ்வளவு உயரம் பாய முடிந்தது என்று அச்சான்றைத் தம் பக்கமே சேர்த்துக்கொண்டார்கள்.

மெய்வல்லுநர் ஆசிரியராகித் தம் பழைய பாடசாலைக்கே பயிற்றுநராகத் திரும்பும்போது முதற்சிக்கல் எழுகிறது. அவர் கற்றது கத்தரிப் பாய்ச்சல். அதாவது கத்தரிக்கோல் விரிவதுபோல ஒரு காலைத் தொடர்ந்து மறுகாலை வீசி, தடிக்கு அப்பால் காலூன்றி இறங்கும் முறை. 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில், தமது பாடசாலை நாட்களிலேயே ஒரு புதுமுறையைப் பழகிவந்த அமெரிக்கரான டிக் ஃபொஸ்பரி, தடிக்கு முதுகைக் காட்டிப் பாய்ந்து 2.24 மீற்றரோடு தங்கம் வெல்ல, உலகமே மெல்ல மெல்லத் தடிக்குப் புறங்காட்டத் தொடங்கியது. முதுகும் தோளும் முதலில் வந்து விழும் அம்முறைக்குத் தடித்த மெத்தை வேண்டும். பல பாடசாலைகளிலோ இருப்பது மணற்கிடங்கு. ஆகவே பயிற்றுநர் ஃபொஸ்பரியைக் கரும்பலகையிலும் கத்தரிப் பாய்ச்சலை மணலிலும் கற்பித்து, கோட்பாடும் செய்முறையும் வெவ்வேறு என்ற கல்வியியல் உண்மையை மாணவருக்கு இளமையிலேயே உணர்த்திவிடுகிறார்.

இரண்டாவது சிக்கல் செய்துகாட்டல் தொடர்பானது. பயிற்றுநரின் நினைவு பதினெட்டு வயதிலும் முழங்கால் நாற்பத்தைந்து வயதிலும் இருப்பதால், 'இஞ்ச பாருங்கோ, இப்பிடித்தான்' என்று கழுத்தில் தொங்கும் விசிலைச் சட்டைப்பைக்குள் செருகிவிட்டு அவர் ஓடிவரும் கணத்தில், மாணவர்கள் பயபக்தியோடு இரண்டடி பின்வாங்குகிறார்கள். மறுநாள் ஆசிரியர் அறையில் பரவும் சித்தாலேப வலிக்களிம்பின் வாசனையைக் கொண்டு, தடி எந்த உயரத்தில் வைக்கப்பட்டிருந்தது என்பதைச் சக ஆசிரியர்கள் ஓரளவு துல்லியமாகக் கணித்துவிடுவார்கள்.

கல்வியியலாளரான லோரன்ஸ் பீற்றர், றேமண்ட் ஹல் என்பவரோடு சேர்ந்து 1969இல் வெளியிட்ட நூலில், ஓர் அமைப்பில் ஒவ்வொருவரும் தமக்கு இயலாத பதவியை அடையும்வரை உயர்த்தப்படுகிறார்கள் என்று நிறுவினார். உயரம் பாயும் திடலில் ஒரு பிற்பகல் நின்றிருந்தால் அவருக்கு நூல் எழுதும் சிரமமே இருந்திராது. தாண்டியவருக்குப் பரிசாகத் தடியை உயர்த்துவதும், தவறும்வரை அதைத் தொடர்வதும் அங்கே பகிரங்க நடைமுறை. நல்ல பயிற்றுநரை அதிபராக்குவதும் அவ்வாறானதே. காலைமுதல் மாலைவரை வெயிலில் நின்றவர், மறுநாள் தொடக்கம் தளபாட இருப்பேடு, சம்பவத் திரட்டுப் புத்தகம், வலயக் கல்வி அலுவலகம் நேற்றே கேட்டிருந்த புள்ளிவிபரம் ஆகியவற்றின் நடுவே அமர்த்தப்படுகிறார்; தரம் ஆறு அனுமதிக் காலத்திலோ, தம் பாய்ச்சலை நேரிற் கண்டதாகச் சொல்லிக்கொண்டு வரும் பெற்றோரின் எண்ணிக்கை, அன்று அந்தத் திடல் கொள்ளக்கூடியதைவிட அதிகமாக இருப்பதைக் காண்கிறார்.

எனினும் பழைய விதிகள் அவரைக் கைவிடுவதில்லை. கழிப்பறைத் திருத்தம் பற்றிய கோப்பை அவர் தவிர்த்துவிட, அது அடுத்த தவணையில் மேலும் உயர்ந்த மதிப்பீட்டோடு திரும்பி வருகிறது. காலை 7.30க்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுக்கும் வேலையைப் பிற அதிபர்கள் சலிப்போடு செய்ய, இவரோ மணிக்கூட்டையும் படலையையும் மாறிமாறிப் பார்த்து, கடைசி நூறு மீற்றரில் சைக்கிளை விரைவுபடுத்தும் கணித ஆசிரியரின் முயற்சியை மதித்து, பேனாவை ஒரு விநாடி தாமதிக்கிறார். நடந்து வருபவருக்கு அச்சலுகை இல்லை. ஒற்றைக் காலால் உந்தவேண்டும் என்ற விதியை மட்டும் அவரால் காக்க இயல்வதில்லை, ஏனெனில் ஒரு கால் அலுவலகத்திலும் மறுகால் மைதானத்திலும் இருக்கிறது.

மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே 1904இல் தொடங்கிய துடுப்பாட்டம் வடக்கின் பெரும் போர் எனப்படுகிறது. ஏனைய பாடசாலைகளும் தத்தம் அளவில் போர்கள் வைத்திருக்கின்றன. போர் நாளில் அதிபருக்கு எதிரணி அதிபரின் பக்கத்து ஆசனமே விதிக்கப்பட்டிருப்பதால், பழைய மாணவர்கள் பாண்ட் வாத்தியத்தோடு ஆடுகையில், அவர் கழுத்துப்பட்டியோடு அமர்ந்து எதிரணியின் நான்கு ஓட்டத்துக்கும் கைதட்ட வேண்டியவராகிறார். மைதானம் தந்த பதவி மைதானத்தில் கத்தும் உரிமையைப் பறித்துவிட்டது என்பதை மனிதர் அங்கேதான் முழுமையாக உணர்கிறார்.

ஆயினும் பீற்றர் கவனியாத ஒன்று உண்டு. உயரம் பாய்தலில் வென்றவரும் பெரும்பாலும் தடியைத் தட்டிவிட்டே போட்டியை முடிக்கிறார். ஏட்டிலோ அவர் இறுதியாகத் தாண்டிய உயரமே எழுதப்படுகிறது. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம் என்பதால், இரண்டாம் முறையும் வெட்டுப்புள்ளிக்குக் கீழே விழுந்த மாணவர் தாயாரோடு அதிபர் அறைக்கு வரும்போது, பிற அதிபர்கள் விடாமுயற்சி பற்றிப் பேருரை ஆற்றுவார்கள். இவரோ பெறுபேற்றுத் தாளைப் பார்த்து, 'தடி பிழையில்லை, ஓடி வந்த விதந்தான் பிழை. பௌதிகவியலை எங்கையிருந்து தொடங்கினீர்?' என்று கேட்டு, ஒரு கடதாசியில் அடுத்த ஓராண்டை அடி அடியாக அளந்து கொடுக்கிறார். தளபாட இருப்பேட்டில் பதினேழு கதிரைகள் கணக்கில் வராமல் இருப்பதை, இதன்பொருட்டு வலயக் கல்வி அலுவலகம் பொறுத்துக்கொள்வதே முறை.