அறையில் தோட்டா, அரையில் துப்பாக்கி

கேள்வி: தானியங்கிக் கைத்துப்பாக்கியை அரையில் செருகுவோர், அதன் அறையில் தோட்டாவை ஏற்றி வைப்பது உசிதமா?

பதில்: 1920-களில் ஷாங்காய் நகரப் போலீஸாருக்குப் பயிற்சியளித்த ஃபேர்பேர்ன் என்னும் ஆங்கிலேயர், கோல்ட் துப்பாக்கியின் பாதுகாப்புத் தாழ்ப்பாளையே முளை செருகி முடக்கிவிட்டு, தோட்டாக்களைப் பிடிக்குள்ளிருக்கும் கூட்டோடு நிறுத்தி, அறையைச் சூன்யமாக வைத்து, உருவும்போதே மேற்சட்டத்தைப் பின்னுக்கிழுத்து ஏற்றும் வித்தையைக் கற்பித்தார். இன்று அம்முறைக்கு ‘இஸ்ரேலிய முறை’ என்று பெயர். நாமகரணத்துக்குத் தகப்பனாரை அழைக்கவில்லை போலும்! அமெரிக்கர் பலரோ, ஒரு கை அடிபட்டால் மற்றொரு கையை யாரிடம் இரவல் வாங்குவது என்று கேட்டு, ஏற்றியே வைக்கின்றனர். நியாயமான ஆட்சேபம்தான், ஆயினும், அவசரத்தில் சொந்தத் தொடையையே சுட்டுக்கொள்ளும் சூரர்களும் இருப்பதால், பயிற்சியற்றவர் விஷயத்தில் நான் ஷாங்காய் வாத்தியார் கட்சி. என்னிடமுள்ள ஆயுதம் பேனா ஒன்றே. அதையும் மூடியிட்டே சட்டைப் பையில் வைக்கிறேன்.