ஏற்றத்தில் இருபத்தாறு

நீலகிரியில் ஒருவர் தன் வண்டியின் மைலேஜைச் சொன்னால், அன்று அவர் எந்தப் பக்கம் போய் வந்தார் என்று கேட்டுக்கொள்வது நல்லது. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கியவர் பெருமையாக ஒரு கணக்குச் சொல்வார். ஏறி வந்தவர் பேச்சை மாற்றி மழையைப் பற்றிக் கேட்பார். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர், ஊட்டி 2,240. நடுவில் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் சாலை, குன்னூருக்குக் கீழே 14 கொண்டை ஊசி வளைவுகள். இந்தச் சாலையில் மைலேஜை முடிவு செய்வது வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான்.

இது பிறந்ததிலிருந்தே தெரிந்த மனிதர் என் மச்சான். கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் தேயிலை, வாசலில் ஒரு பழைய ஜீப். அவர்தான் ஒரு நாள் கோயமுத்தூரிலிருந்து செகண்ட் ஹேண்டில் ஒரு பெரிய வெளிநாட்டு வண்டியோடு வந்து இறங்கினார். எட்டு சிலிண்டர், இரண்டு டர்போ, உட்கார்ந்தால் எழ மனம் வராத தோல் இருக்கை. புதிதாக வந்த காலத்தில் கோடியைத் தொட்ட வண்டி, இப்போது ஒரு சின்னக் காரின் விலைக்கு.

“இவ்வளவு மலிவா ஏன் குடுத்தாங்க?” என்று அத்தை கேட்டார். விடை டேங்கில் இருந்தது. அது 100 லிட்டர் பிடிக்கும்.

முதல் தடவை “ஃபுல்” என்று மச்சான் சொன்னபோது நானும் கூட இருந்தேன். மீட்டர் நாலாயிரத்தைத் தாண்டியதும் பங்க் பையன் எங்களை ஒரு பார்வை பார்த்தான். ஏழாயிரத்தில், பம்பைப் பிடித்த கையை எடுக்காமலே குனிந்து, எங்காவது ஒழுகுகிறதா என்று வண்டிக்கு அடியில் பார்த்தான். பத்தாயிரத்தை நெருங்கி ‘டக்’கென்று நின்றபோது பெருமூச்சு விட்டதும் அவன்தான். பச்சை இலைக்குக் கிலோ 20 ரூபாய் கிடைத்த மாதம் அது. அத்தைக்கு எல்லாக் கணக்கும் இலையில்தான். “ஐநூறு கிலோ இலைடா! ஒரு ஆள் நாள்பூரா பறிச்சா முப்பது கிலோ. பதினாறு பதினேழு பேர் பறிச்சதை ஒரே மூச்சுல குடிச்சிருச்சு!”

மச்சான் அசரவில்லை. “மைலேஜ் இருக்கு அம்மா. 26 குடுக்குது.”

நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டு மாப்பிள்ளைக்கு அதுதான் அழகு.

இந்த ரகத்தில் பேர்பெற்ற வண்டி போர்ஷே கயென் டர்போ. 2002-இல் அது வெளிவந்தபோது கம்பெனியே சொன்ன கணக்கு, 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 16 லிட்டர். லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் சொச்சம். அதுவும் ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் ஓடவிட்டு எடுத்தது. உருளைக்குப் பர்லியார் ஏற்றம் தெரியாது. அப்படியிருக்க மச்சானுக்கு மட்டும் எங்கிருந்து 26?

அடுத்த முறை மேட்டுப்பாளையத்திலிருந்து திரும்பும்போது முன்சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான். சமவெளியில் 14 காட்டிய எண், கல்லாறு தாண்டியதும் 22 ஆனது. வளைவுகளில் 26, 27. “பாத்தீங்களா மாப்ளே, ஏற ஏற கூடுது. மலைக்குன்னே செஞ்ச வண்டி! சமவெளி இதுக்கு ஒத்துக்கல.” சீசன் நெரிசலில் ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் ஊர்ந்தபோது 38 கொடுத்ததாம். ஒரே ஒரு குறைதான்: இறக்கத்தில் விட்டால் சைபர் காட்டுகிறது. சென்சார் போயிருக்கும் என்று மெக்கானிக்கிடம் காட்டியிருக்கிறார். சமதளத்தில் ஓட்டிப் பார்த்த மெக்கானிக், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

எண்ணுக்குக் கீழே எறும்பு அளவு எழுத்தில் எழுதியிருந்ததைக் காட்டினேன். 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்கிற ஐரோப்பியக் கணக்கு அது. முதல் ஓனர் எந்த நினைப்பில் அப்படி வைத்தாரோ. 26 என்றால் லிட்டருக்கு நாலுகூட இல்லை. சைபர் காட்டியபோதுதான் வண்டி உலகத்திலேயே சிக்கனமாக ஓடியிருக்கிறது. இந்தக் கால எஞ்சின்கள் கியரில் இருந்தபடி இறங்கினால் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான், எஞ்சினை உயிரோடு வைக்கக் கொஞ்சம் குடிக்கும். இதை நம் ஜீப் டிரைவர்களிடம் சொல்லிப் பாருங்கள், கார்புரேட்டர் காலத்துச் சத்தியத்தை நாம் அவமதித்த மாதிரி முறைப்பார்கள். நியூட்ரலில் இறங்கிப் பிரேக் காய்ந்து நாறும்போதும் அவர்களுக்குப் பெட்ரோல் மிச்சம்தான்.

வண்டியைக் குறை சொல்லி என்ன பயன்? ஆட்களையும் அத்தையின் மூட்டைகளையும் சேர்த்து இரண்டரை டன்னை 1,900 மீட்டர் மேலே தூக்க வேண்டும். பெட்ரோலின் சூட்டில் கால்வாசிதான் வேலையாகும் என்று வைத்தால், தூக்கும் கூலி மட்டும் ஆறு லிட்டர் பக்கம். மாருதி 800 இதே உயரத்துக்கு இரண்டு லிட்டரில் வந்துவிடும். உருளும் கூலி இருவருக்கும் தனி. நம் மலை ரயிலும் இதே நியாயத்துக்குக் கட்டுப்பட்டதுதான். கல்லாறிலிருந்து குன்னூர்வரை பல்தண்டவாளம், பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏற்றம். குன்னூர்வரை நீராவி எஞ்சின் பின்னாலிருந்து முட்டித் தள்ள, ஹில்குரோவில் நின்று தண்ணீர் குடித்து, ஊட்டிவரையிலான 46 கிலோமீட்டரை ஏற ரயில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதனிடம் யாரும் மைலேஜ் கேட்பதில்லை. கேட்காததோடு, 2005-இல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியச் சின்னமாகவும் அறிவித்துவிட்டது. அது என்ன குடித்தாலும் இனி பாரம்பரியம்.

மச்சானுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. இலைக்கணக்கு தாங்காமல் விற்க முடிவு செய்தார். திருப்பூரிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். மச்சான் கணக்கை மாற்றி வைக்கவில்லை. “ஓட்டிப் பாருங்க” என்று ஏற்றத்தில் விட்டார். வந்தவர் எண்ணைப் பார்த்துக் கண்ணை விரித்து, “இருபத்தேழா!” என்றார். மச்சான் பொய் சொல்லவில்லை. “கீழே எழுதியிருக்குங்க, படிச்சுப் பாத்துக்கங்க” என்றுகூடச் சொன்னார். வந்தவர் கண்ணாடி கொண்டு வரவில்லை.

பணம் கைமாறியது. கோத்தகிரிச் சாலை வழியாக வண்டி இறங்கியது. மேட்டுப்பாளையம் சேர்ந்ததும் போன் வந்தது.

“அண்ணா, வழி பூராவும் சைபரே காட்டுச்சுங்க. வண்டில ஏதோ கோளாறுங்க.”

“ஒண்ணுமில்லீங்க” என்றார் மச்சான். “ஏத்தத்துல விட்டுப் பாருங்க, சரியாயிரும்.”