தொகுதி இருக்கிறது, பகுதி எங்கே?

நீட் முடிவு வந்த மறுநாள் ஊர் முச்சந்திக்குப் போனால், மஞ்சள் நீராட்டு விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில் புதிதாக ஒரு ஃப்ளெக்ஸ் முளைத்திருக்கும். பாஸ்போர்ட் அளவில் நாற்பது முகங்கள், ஒவ்வொரு கழுத்திலும் கம்ப்யூட்டரில் மாட்டிய ஸ்டெதாஸ்கோப், ஓரத்தில் கைகூப்பியபடி தாளாளர். இதைப் பார்த்துத்தான் பெற்றோர் பலர் கோச்சிங் சென்டரை முடிவு செய்கிறார்கள். கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டை தேடும் அதே பெற்றோர்தான்! பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று பள்ளியில் படித்தோம். ஃப்ளெக்ஸில் தொகுதி மட்டும்தான் இருக்கிறது. (அரசியல்வாதிகளைப் போல இவர்களுக்கும் தொகுதிமேல்தான் கண்.) நூறு பேரில் நாற்பதா, நாலாயிரத்தில் நாற்பதா என்று சொல்ல வேண்டிய பகுதி, இடம் போதாமலோ என்னவோ, அச்சாவதே இல்லை. அதைச் சொல்லாத இடத்தில் பணம் கட்டக்கூடாது என்பது என் கட்சி.

பகுதி தெரியாத வெற்றி எவ்வளவு மலிவு என்பதற்கு நீட் கணக்கே சாட்சி. 180 கேள்விகள், 720 மதிப்பெண். சரியானால் 4 வரும், தப்பானால் 1 போகும். புத்தகத்தையே தொடாத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கினால், சராசரியாக 45 சரி, 135 தப்பு. 180 வந்து 135 போக, 45 மதிப்பெண் கையில் நிற்கும். நாம் கட்டும் கட்டணம் அந்த 45-க்கும் சேர்த்துத்தான். மேல் முனையில் இன்னும் வேடிக்கை. ‘ஸ்காலர்ஷிப் டெஸ்ட்’ என்று ஒன்று வைத்து, எங்கே படித்தாலும் தேறிவிடக்கூடிய பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, கட்டணத்தைத் தள்ளுபடி செய்து சேர்த்துக்கொள்கிறார்கள். சேலத்து மாம்பழத்தை வாங்கி வந்து தட்டில் வைத்துவிட்டு, இனிப்பு எங்கள் கைப்பக்குவம் என்பதைப் போல. ஐஏஎஸ் பயிற்சி மையங்களின் விளம்பரங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கிளறியபோது, படத்தில் சிரித்தவர்கள் பலர் அங்கே வந்தது நேர்முகத் தேர்வு ஒத்திகைக்கு மட்டும் என்று தெரிந்தது. பிரிலிம்ஸையும் மெயின்ஸையும் தாங்களே தாண்டி வந்தவர்களுக்கு, கடைசிப் படிக்கட்டில் கை கொடுத்துப் போட்டோ எடுத்திருக்கிறார்கள். அதே ஆணையம் 2024 நவம்பரில், மாணவரின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் படம் போடக்கூடாது, எந்தப் படிப்பில் சேர்ந்தார் என்பதையும் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த ஆண்டு நீட்டில் முழு மதிப்பெண் பெற்றவர்கள் முதலில் 67 பேர்; கருணை மதிப்பெண்ணும் ஓர் இயற்பியல் விடையும் திருத்தப்பட்டபின் 17 பேர். நடுவில் அச்சான ஃப்ளெக்ஸுகள் எந்தக் கூரைக்குப் போயினவோ.

“கெட்டிக்காரப் பிள்ளைகள் சேரும் இடத்தில் நம் பிள்ளையும் இருந்தால் ஒட்டிக்கொள்ளாதா?” என்று கேட்பார்கள். ஒட்டும், ஒரே அறையில் உட்கார வைத்தால். பல இடங்களில் முதல் மாதத் தேர்விலேயே பேட்ச் பிரித்துவிடுகிறார்கள். பூவும் நாரும் வேறு வேறு மாடியில் இருந்தால் எந்த மணம் ஏறும்? டெமோ வகுப்பில் மயக்கிய ஆசிரியரும் பூ இருக்கும் மாடிக்கே போய்விடுவார். “கேட்டால் சொல்லவா போகிறார்கள்?” என்பது இன்னொரு ஆட்சேபம். இது கனமானதுதான், எந்த ரிசப்ஷனிலும் பகுதியைத் தட்டில் வைத்து நீட்டமாட்டார்கள். ஆனால் சொல்ல மறுப்பதும் ஒரு பதில்தானே? வரனின் சம்பளத்தைக் கேட்டதும் பையனின் அப்பா பேச்சை மழைக்குத் திருப்பினால் நமக்குப் புரிவதில்லையா? நாலு தெரு தள்ளி முப்பது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவரிடம் ஃப்ளெக்ஸ் இருக்காது. ஆனால் முப்பது பேரும் என்ன ஆனார்கள் என்று விரல்விட்டுச் சொல்வார். அவர் சுமாராகவும் இருக்கலாம். அதுவும் அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

ஆகவே பெற்றோரே, ரிசப்ஷனில் தரும் காபியைக் குடித்துவிட்டே கேளுங்கள்: போன வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், நடுவில் எத்தனை பேர் விலகினார்கள், சீட் வாங்கியவர்களில் முதல் தடவை எழுதியவர் எத்தனை, ரிப்பீட்டர் எத்தனை? நடுவில் விலகினால் மீதிக் கட்டணத்தை 10 நாளில் திருப்பித் தர வேண்டும் என்று மத்திய கல்வி அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்கிறது. அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்துக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனி.