ஒப்பாரிக் கேசட்டுகள்

1990களின் தொடக்கத்தில் தென் மாவட்டங்களில் ஒப்பாரி சேகரிக்கப் போன எங்களுக்குத் 'தரவு மேலாண்மை' என்ற சொல்லே தெரியாது. தரவு மட்டும் பத்திரமாக இருந்தது. பாட்டு பதிவானதும் கேசட்டின் மேல் விளிம்பிலுள்ள சின்ன பிளாஸ்டிக் துண்டைப் பேனா முனையால் நெம்பி உடைத்துவிடுவோம். அதற்குப் பிறகு ரெக்கார்ட் பட்டன் அமுங்காது. யாரும் தவறிப்போய் அதன்மேல் சினிமாப் பாட்டைப் பதிய முடியாது. பேராசிரியர் அறையில் இரும்பு பீரோ, சாவி அவர் இடுப்பில். சுற்றியபடியே கிடந்தால் நாடாவின் ஒரு சுற்றிலுள்ள ஒலி அடுத்த சுற்றில் இறங்கி, அழுகைக்கு முன்பே அதன் நிழல் மெல்லக் கேட்கும். அதனால் அவ்வப்போது முழுக்க ஓடவிட்டுத் திருப்பிச் சுற்றி வைப்போம்.

அதே பாடல்களை எழுத்தாக்கிக் கணினியில் அடித்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. ஒவ்வொரு மையத்திலும் ஒவ்வொரு எழுத்துரு. 1999 தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியாக்கத் தரங்கள் வந்தன. பின்னால் யூனிகோடு நிலைத்தது. பழைய கோப்புகளை இன்று திறந்தால் ஒப்பாரி இருக்க வேண்டிய இடத்தில் பொருளற்ற குறிகள் நிற்கின்றன. மாற்றித் தர மென்பொருள் உண்டு. ஆனால் எந்த எழுத்துருவில் அடித்தது என்று யாராவது குறித்து வைத்திருக்க வேண்டுமே! கேசட்டுகளைக் கணினிமயமாக்கி எழுதிய சிடிகளில் சில இப்போது திறப்பதே இல்லை. கேசட்டுகள் பாடுகின்றன.

இன்றைய மாணவர்களுக்கு நல்ல விதி இருக்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். இது தேவைதான். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் மீக்கணினியில், காப்புப் பிரதி எடுக்க வேண்டிய நிரலே பிழைபட்டு 77 டெராபைட் ஆய்வுக் கோப்புகளை அழித்தது.

பாடியவர்களைப் பற்றிய கவனமும் கூடியிருக்கிறது. கணவனை இழந்த ஒருத்தி கொழுந்தனின் பெயரைச் சொல்லி ஏசிப் பாடியிருப்பாள். அன்று அது பீரோவுக்குள் கிடந்தது. இன்று ஒரு பகிர்வு இணைப்பு அதே கொழுந்தனின் கைபேசிக்குப் போய்விடும். உண்மைப் பெயர்களின் பட்டியலைக் கடவுச்சொல் போட்டுத் தனியே வைப்பது அவளுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.

ஆனால் திட்டம் முடிந்த பிறகு? ஆய்வாளர் வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறார், நிறுவன மின்னஞ்சலை மூடுகிறார்கள், அதிலிருந்த கோப்புகளும் போகின்றன. ஒரு நிறுவனத்தில் திட்டத்தின் ஹார்ட் டிஸ்க்கின் விலையும் வாங்கிய தேதியும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருந்தன. உள்ளே என்ன இருக்கிறது என்பது எங்குமே இல்லை. கழிவுப் பொருளாகக் கணக்கெழுதி ஏலம் விட்டார்கள். அதில் பாடிய பாட்டிகளில் பலர் இன்று உயிரோடு இல்லை.

ஆய்வுக்கு நிதி கேட்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். திட்டம் முடிந்த பிறகு தரவைப் பராமரிக்கவும் ஒரு தொகை கேளுங்கள். தரவைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரின் பெயரை முதல் நாளே எழுதி வையுங்கள்.