செய்து கற்றல் எனும் திருவிழா

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களை இரண்டே நாளில் பொறியியல் வித்தகர்களாக்கி வீட்டுக்கு அனுப்பும் பணியிடைப் பயிற்சியை வகுத்தருளிய பெருந்தகையோருக்கு எத்தனை மாலை சூட்டினாலும் தகும். இதற்காகக் கல்லூரியில் நான்கு ஆண்டுகளைத் தொலைப்பவர்கள்தான் எத்துணைப் பேதைகள்!

முதல் நாள் காலையின் மாட்சி சொல்லி முடியாது. குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என உணவு இடைவேளை நெருங்கும்வரை கருவிப் பெட்டியின் மீது ஒரு கையும் படாமல் காத்தருளினார்கள். பிறகு கருத்தாளர் பெருமகனார் எழுந்தருளி, செய்து கற்றலின் மேன்மையைத் திரையில் இருந்தபடியே வாசித்தார். நாங்கள் உட்கார்ந்து கற்றோம்.

பிற்பகலில் பெட்டி திறந்தது. மேசைக்கு ஓர் அர்டுயினோ பலகை. ஒருவர் செருக, மற்றவர் கண்டு களிக்கும் சமத்துவம்! எல்.இ.டி.யோடு 220 ஓம் மின்தடையை இணைக்கச் சொன்னபோது, இயற்பியல் டீச்சர் ஒருவர் அது எதற்கு என்று கேட்டுவிட்டார். “படத்துல அப்படித்தான் இருக்கு மேடம், அப்படியே சொருகுங்க” என்று திருவாய் மலர்ந்தது விடை. 5 வோல்ட்டில் எல்.இ.டி.க்கு 2 போனால் மீதி 3, அதை 220-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14 மில்லி ஆம்பியர், மின்தடை இல்லையென்றால் எல்.இ.டி. கருகும் என்று கணக்குப் போட வைத்து, பத்தாம் வகுப்பு மின்னோட்டவியலோடு முடிச்சுப் போடும் அற்பத்தனம் அந்த அவையில் எள்ளளவும் இல்லை. விளக்கு மினுக்கியது, கைதட்டினோம். ஏன் மினுக்கியது என்ற பாரத்தை எவர் தலையிலும் ஏற்றாத கருணையை என்னவென்பது!

மறுநாள் ஐஸ் குச்சிப் பாலம். உடையும்வரை எடை ஏற்றி, எந்த மூட்டு முதலில் விட்டது என்று பார்த்து, வரைபடத்தைத் திருத்தி மறுபடி கட்டுவதுதான் பொறியியல் என்று சில பழைய மனிதர்கள் பிதற்றுவதுண்டு. “போட்டோ எடுக்கிறவரைக்கும் யாரும் தொடாதீங்க” என்ற ஒரே ஆணையால் அந்த மூடநம்பிக்கை தகர்ந்தது. ஒரு பேனாவின் பாரத்தை மட்டும் தாங்கிய எங்கள் பாலம் தோல்வியே அறியாதது. உலகில் எந்தப் பொறியாளருக்கு வாய்த்தது அந்தப் பேறு?

மாலையில் பின் தேர்வு. விடைகளை முன்கூட்டியே வாசித்துக் காட்டிய பெருந்தன்மையால் அனைவரும் முழு மதிப்பெண். பின்னூட்டப் படிவத்தில் ‘மிகவும் பயனுள்ளது’ என்பதற்கு மேல் ஒரு கட்டம் இல்லாததால் அதோடு நின்றோம். 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுதோறும் 50 மணி நேரப் பயிற்சி கேட்கிறது. மணி நேரம்தானே கேட்கிறது? இரண்டு நாள் கணக்கைக் குறைவின்றித் தந்தார்கள், தேநீர் இடைவேளை உட்பட.

பள்ளிக்குத் திரும்பிய எங்களை ஆய்வகம் வரவேற்றது. அதாவது, அதன் பூட்டு. 2016-இல் பிறந்த அடல் புத்தாக்கத் திட்டம், இத்தகைய ஆய்வகத்துக்காகப் பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய்வரை வாரி வழங்குகிறது. அந்தச் செல்வத்தைப் பிள்ளைகளின் விரல்களிலிருந்து காக்கச் சாவியைப் பீரோவில் வைத்திருக்கும் எங்கள் பள்ளியின் விழிப்பு போற்றத்தக்கது. முப்பரிமாண அச்சுப்பொறி வாங்கிய அன்றைய பளபளப்போடு விளங்குகிறது. போர்ஷன் முடிக்கவேண்டிய நாற்பது நிமிட பீரியடில் அதை இயக்க ஆசைப்படும் அளவுக்கு எவரும் அறிவிலி அல்லர். இருந்தும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “சார், மழை பெஞ்சா கக்கூஸ்ல தண்ணி நிக்குதே, அத வெளிய விட ஏதாவது செய்யலாமா?” என்று கேட்டாள். செயல்திட்டப் பட்டியலில் அது இல்லை. தானியங்கிக் குப்பைத்தொட்டி இருக்கிறது, காணொளியும் இருக்கிறது.

அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டுகளில் மேலும் 50,000 அடல் ஆய்வகங்கள் என்று 2025 மத்திய பட்ஜெட் அறிவித்திருக்கிறது. அத்தனை பள்ளி ஆசிரியர்களையும் இரண்டே நாளில் கரையேற்ற வல்ல பெருந்தகையோர் நம்மிடையே இருக்க, மூன்றாம் நாள் கேட்பவன் நன்றி கெட்டவன் அல்லவா?