நாக்குப் பெயர்ச்சி: வீட்டில் பியர் காய்ச்சுவோர் குறித்து ஓர் ஆய்வு

‘கடையிற் கிடைப்பது சுவையெனப் படாஅது.’

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், அமெரிக்க நாட்டில் வீட்டிலேயே பியர் காய்ச்சும் மாந்தரின் நாக்கு எப்போது எப்பக்கம் பெயரும் என்பது உணர்த்துதல் நுதலிற்று. சூத்திரம் செய்தவரும் உரை செய்பவரும் ஒருவரே ஆதலால் பாடபேதம் இல்லை.

காய்ச்சுதல் என்றதும் ஊறலையும் சாராய அடுப்பையும் நினைக்க வேண்டாம். இது வடிப்பதன்று, நொதிக்க வைப்பது. முளைகட்டிய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவிட்டு, வடிகட்டி எடுத்த இனிப்பு நீரை ஹாப்ஸ் பூவோடு கொதிக்க வைத்து, ஆறியபின் ஈஸ்ட் தூவி மூடுவார்கள். தோசை மாவு இரவில் பொங்கிவிட்டதா என்று மூடியைத் திறந்து பார்த்த எவருக்கும் இந்தக் கவலை புதிதல்ல.

1933இல் மதுவிலக்கு நீங்கியபோது அமெரிக்கர்களுக்கு வீட்டில் ஒயின் செய்ய வழி பிறந்தது. பியர் விடுபட்டுப் போயிற்று. அதைச் சரிசெய்ய 45 ஆண்டுகள் ஆயின. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், பெரியவர் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன், அதாவது ஏறக்குறைய 757 லிட்டர், வரியில்லாமல் காய்ச்சலாம் என்றது. அலபாமாவும் மிசிசிப்பியும் மட்டும் 2013 வரை யோசித்துக்கொண்டிருந்தன. சட்டம் வந்த நாளில் அந்தப் பெரிய தேசத்தில் பியர் ஆலைகள் நூறுகூட இல்லை. எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் பெரும்பாலும் அதே வெளிறிய லாகர்தான் வந்தது. நம் சூத்திரத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இனி ஆய்வு முறை. காய்ச்சுகிறவரிடம் நேரில் கேட்டால் தமது ரசனை வளர்ந்தது என்பார். ஆகவே அவர் சாட்சியம் ஏற்கப்படவில்லை. அவரது கார் கொட்டகையை அகழ்ந்து, அடுக்கடுக்காகப் படிப்பதே நேர்மையானது.

அடி அடுக்கில் பிளாஸ்டிக் வாளியும், மால்ட் பாகு வந்த காலி டின்களும் கிடைக்கின்றன. இக்காலத்து மக்கள் கறுத்த ஸ்டவுட் காய்ச்சினர். ஏன் எனின், ஆழ்ந்த ரசனையால் என்பாரும் உளர். அற்றன்று. வறுத்த தானியத்தின் காபிக் கசப்பு, கைப்பிழை அத்தனையையும் மூடி மறைக்கும். மேலும் ஸ்டவுட்டுக்குரிய ஈஸ்ட் 20 பாகை அறை வெப்பத்திலேயே வேலை செய்யும். லாகர் ஈஸ்ட்டுக்கோ 10 பாகைக் குளிர் வேண்டும், பிறகு பனிக்குளிரில் வாரக்கணக்கில் கிடக்கவும் வேண்டும். கொட்டகையில் இரண்டாவது குளிர்பெட்டி இல்லாதவன் லாகரை வெறுப்பதைக் கொள்கை என்று ஏற்க முடியாது.

நடு அடுக்கு தடித்தது. எங்கு தோண்டினும் ஹாப்ஸ் பொட்டலம். 1972இல் வெளிவந்த கேஸ்கேட் என்னும் ஹாப்ஸ் வகை, கிச்சிலித் தோல் வாசனையோடு வந்து வீட்டு அடுப்புகளையெல்லாம் பிடித்தது. கலிபோர்னியாவின் சீக்கோ ஊரில், வீட்டில் காய்ச்சுவோருக்குச் சாமான் விற்ற கென் கிராஸ்மன், 1980இல் சியெர்ரா நெவாடா ஆலையைத் தொடங்கி அதே வாசனையைப் புட்டியில் அடைத்துக் கடைக்கு அனுப்பினார். நியாயமாகப் பார்த்தால் வீட்டுக்காரர்கள் கொண்டாடியிருக்க வேண்டும். ஆனால் கடையில் கிடைத்ததும் நாக்கு பெயர்ந்தது. ஐ.பி.ஏ. என்னும் இன்னும் கசந்த பியர் வேண்டும் என்றார்கள், அதுவும் கடைக்கு வந்தது. இரட்டை ஐ.பி.ஏ. என்றார்கள், அதுவும் வந்தது. கொதியலில் போட்டால்தான் ஹாப்ஸ் கசக்கும், ஆறியபின் போட்டால் வாசனை மட்டுமே மிஞ்சும் என்று கண்டு, கசப்பையே துறந்து கலங்கல் ஐ.பி.ஏ.வுக்குத் தாவினார்கள். பியர் கலங்கியிருந்தால் குற்றம் என்று பாடம் எடுத்தவர்களே, தெளிந்திருந்தால் குற்றம் என்றார்கள். (அது மாம்பழச் சாறுதான் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. ஆனால் மாம்பழத்தை அறிந்த நாட்டவர் என்பதால் நடுநிலை கோர முடியவில்லை.) 2011இல் வெர்மான்ட்டின் ஹெடி டாப்பர் என்னும் கலங்கல் பியர் டின்னில் வந்தது, சில ஆண்டுகளில் ஊருக்கு ஊர் கலங்கல் டின். வீட்டுக்காரர் மறுபடி மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

அடுத்துள்ள புளிப்புப் பியர் அடுக்கை விரைந்து கடப்போம், வாடை நல்லதாயில்லை.

அதற்கு மேலே மெல்லிய, துயரமான ஓர் அடுக்கு: கடை துரத்தி வர முடியாத இடமாகப் பார்த்து, செத்துப்போன பியர்களிடம் அடைக்கலம் புகுந்த காலம். போலந்தின் குரோஜிஸ்க் ஊரில் கருவாலி மரப்புகையூட்டிய கோதுமையால் காய்ச்சிய பியர் 1990களில் நின்றுபோயிற்று. நின்றுபோனது என்று கேட்டதும் வீட்டில் காய்ச்சுவோர் விழித்துக்கொண்டார்கள். அதை மீட்டெடுத்ததில் போலந்து வீட்டு அடுப்புகளுக்குப் பங்குண்டு. மீட்டதும் என்ன நடந்தது? கடைக்கு வந்தது.

உச்சி அடுக்கில் குளிர்பெட்டியும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் இருக்கின்றன. உள்ளே வெளிறிய லாகர். ஆம், எதை விட்டு ஓடினாரோ அதே. கடையிற் கிடைப்பது சுவையாகாது என்ற சூத்திரம் இங்கே முறியாதோ எனின், முறியாது. அந்தத் தெளிந்த நீரில் ஒளிய இடமில்லை. ஈஸ்ட் வேலையை முடிக்காவிட்டால் வெண்ணெய் நாறும், கொதியல் குறைந்தால் வேகவைத்த சோளம் மணக்கும். பெரிய ஆலைக்காரன் தூங்கிக்கொண்டே செய்வதைச் செய்ய இவருக்கு இருபது ஆண்டும் மூன்று மாதமும் ஆயின. கடையில் கிடைப்பது அந்தப் பானம். அந்தப் பாடு கிடைப்பதில்லை என்க.

அதை முதன்முதல் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஊற்றிக் கொடுத்தார். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, “அட, கடை பியர் மாதிரியே இருக்கே!” என்றார். இது நேர்ப்புகழ்ச்சியா, வஞ்சப்புகழ்ச்சியா என்பதில் உரைகாரர்க்குள் உடன்பாடில்லை. காய்ச்சியவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை கொட்டகையின் அடி அடுக்கிலிருந்த பிளாஸ்டிக் வாளியை வெளியே எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தார்.