ஒரு வைக்கோல் வண்டி, 16 செய்தி

மார்க் ட்வெயின் என்றால் நமக்கு டாம் சாயர், ஹக்கிள்பெரி ஃபின், புதர் மீசை, வெள்ளைக் கோட்டு. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பு மனிதர் பத்திரிகை ஆபீசில்தான் குப்பை கொட்டிக்கொண்டிருந்தார். எப்படிப்பட்ட நிருபர்? இன்றைக்கு எந்த ஆசிரியரும் ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார். அன்றைக்கும் ஒருவர் கௌரவமாக வெளியே அனுப்பித்தான் வைத்தார்.

நிஜப்பெயர் சாமுவேல் கிளெமன்ஸ். மிசௌரி மாநிலத்தில் ஹன்னிபால் என்ற ஆற்றங்கரை ஊர். அண்ணன் ஓரியன் அங்கே ஒரு பத்திரிகை நடத்தினார். தம்பிக்கு அதில் அச்சுக்கோக்கிற வேலை. சம்பளம் என்பது பேச்சளவில். 1852-ல் அண்ணன் ஏதோ காரியமாக வெளியூர் கிளம்பினார். போகிறவர் சும்மா போயிருக்கலாம். பத்திரிகையை 16 வயதுத் தம்பி கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தச் சமயம் போட்டிப் பத்திரிகையின் ஆசிரியர் ஒருவர் காதலில் தோற்று, ஓடையில் விழுந்து உயிரை விடப் போய், பாதியில் மனம் மாறிக் கரையேறிவிட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. நாலு பேர் தெரிந்த பெரிய மனிதர் விஷயம், கண்டுகொள்ளாமல் விடுவதுதான் மரியாதை. தம்பி விடுவாரா? மர எழுத்துக் கட்டை ஒன்றைத் திருப்பிப் போட்டு, பேனாக்கத்தியால் அதன் முதுகில் ஒரு படம் செதுக்கினார். படத்தில் அந்த ஆசிரியர் ஒரு கையில் லாந்தர், இன்னொரு கையில் கைத்தடியோடு, தடியால் ஆழம் பார்த்துப் பார்த்துத் தண்ணீரில் இறங்குகிறார். சாகப்போகிற ஆசாமிக்கு ஆழத்தைப் பற்றி என்ன கவலை? அதுதான் படத்தின் விஷமம். திரும்பி வந்த அண்ணன் தாம்தூம் என்று குதித்தார். கணக்குப் புத்தகத்தைப் பார்த்ததும் சுதி இறங்கிவிட்டதாம்: புதிதாக 33 சந்தாதாரர்கள், சந்தாவுக்குப் பதில் காய்கறி. இந்தக் கணக்கு ட்வெயின் பின்னாளில் தானே எழுதியது. அவர் எழுதிய எந்தக் கணக்கையும் ஒருதரம் கூட்டிப் பார்த்துவிட்டு நம்புவது நல்லது.

பத்து வருஷம் கழித்து நெவாடா. வெள்ளி தோண்டிப் பணக்காரனாகிறேன் என்று போனவர் கையைச் சுட்டுக்கொண்டு நின்றபோது, வர்ஜீனியா சிட்டியிலிருந்து வெளிவந்த 'டெரிட்டோரியல் என்டர்பிரைஸ்' வாரம் 25 டாலருக்குக் கூப்பிட்டது. ஆசிரியர் ஜோ குட்மேன் முதல் நாளே தொழிலைக் கற்றுக்கொடுத்துவிட்டார். 'தெரிய வருகிறது', 'கூறப்படுகிறது' என்றெல்லாம் இழுக்காதே; சம்பந்தப்பட்ட இடத்துக்கே போய் உண்மையைக் கண்டுபிடி; பிறகு 'இது இப்படி' என்று அடித்து எழுது. தங்கமான புத்திமதி. நம்மூர்ப் பத்திரிகைகள் இதை ஒருநாள் கடைப்பிடித்தால் பாதிப் பக்கம் வெள்ளையாக வரும். 'தகவலறிந்த வட்டாரங்கள்' அத்தனையும் வேலையில்லாமல் தெருவில் நிற்கும். ட்வெயின் அந்தப் புத்திமதியின் பின்பாதியை மட்டும் பயபக்தியோடு கடைப்பிடித்தார்.

முதல் நாள் அனுபவத்தை 'ரஃபிங் இட்' புத்தகத்தில் சொல்கிறார். ஊர் முழுக்க அலைந்தும் செய்தி எதுவும் சிக்கவில்லை. ஒரே ஒரு வைக்கோல் வண்டி ஊருக்குள் வந்தது. அதை 16 ஆக்கி, 16 திசையிலிருந்து ஊருக்குள் ஓட்டி வந்து, 16 தனித்தனிச் செய்தியாக எழுதிவிட்டார். அப்படியும் பத்திரிகையில் இரண்டு காலம் (column) நிரம்பவில்லை. நல்லவேளையாக மதுக்கடையில் ஒரு கொலை விழுந்தது. கொலைகாரனுக்கு மனமார நன்றி சொல்லிவிட்டு அதையும் எழுதினார். அடுத்து, செவ்விந்தியர் பகுதி வழியாகக் குடியேறிகளின் வண்டிகள் வந்து சேர்ந்தன. அதில் ஒரு வண்டி மறுநாளே கலிஃபோர்னியா போகிறது, அதிலிருப்பவர்கள் மறுப்பு அனுப்ப இருக்கமாட்டார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். அன்று அவர் ஒழுங்காக விசாரித்தது இது ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன். உடனே அந்த வண்டியை ஒரு பயங்கரச் சண்டைக்குள் ஓட்டிவிட்டார், பேனாவால்.

அதே வருஷம் அக்டோபரில் கல்லாகிப்போன மனிதன் ஒருவனைக் கண்டெடுத்தார்கள் என்று எழுதினார். கட்டைவிரல் எங்கே இருந்தது, மற்ற விரல்கள் எப்படி விரிந்திருந்தன, எந்தக் கண் மூடியிருந்தது என்று தனித்தனி வாக்கியத்தில் வர்ணனை. பொறுமையாகக் கூட்டிப் பார்த்தால், அந்தக் கல்மனிதன் மூக்கில் கட்டைவிரலை வைத்துக் கண்ணடித்துப் பழிப்புக் காட்டுகிறான். யார் கூட்டிப் பார்த்தார்கள்? மற்றப் பத்திரிகைகள் அப்படியே எடுத்துப் போட்டன. 1863-ல் இன்னும் ஒருபடி மேலே போனார்: ஒரு மனிதன் மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றுவிட்டு, கழுத்து அறுபட்ட நிலையில் குதிரையேறி ஊருக்குள் வந்து மதுக்கடை வாசலில் விழுந்து செத்தான். நடந்த இடம் ஒரு பெரிய காடு. அந்தப் பக்கத்தில் மரமே கிடையாது என்பது உள்ளூர்க்காரர் எல்லோருக்கும் தெரியும். செய்தியின் உள்நோக்கம் கம்பெனிகள் லாபக் கணக்கில் செய்யும் தில்லுமுல்லைக் கிண்டல் செய்வது. ரத்தத்தைப் படித்த ஜனங்கள் கம்பெனி வரை வரவேயில்லை. மறுநாள் எல்லாவற்றையும் வாபஸ் வாங்கினார். செய்தியை நம்பி எடுத்துப் போட்டிருந்த பத்திரிகைகள் வாய்க்கு வந்தபடி திட்டின.

1864-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் 'மார்னிங் கால்'. காலையில் போலீஸ் கோர்ட், ராத்திரி நாடகக் கொட்டகைகள். சீனர் ஒருவரைத் தெருவில் கல்லால் அடிக்க, போலீஸ்காரர் நின்று வேடிக்கை பார்த்ததை எழுதிக் கொடுத்தார். கற்பனை கலக்காத நிஜம். ஆசிரியர் போடவில்லை, பத்திரிகை வாங்குகிறவர்கள் மனம் புண்படுமாம். பொய்க்கு முழுக் காலம் கிடைத்த தொழிலில் நிஜத்துக்கு இடமில்லை என்றதும் வேலையில் சுரத்து போய்விட்டது. சில மாதத்தில் நீங்களே விலகிக்கொள்ளுங்களேன் என்று நயமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அப்படிப்பட்டவர்தான் 1866 ஜூனில் ஹோனலூலுவில் படுத்துக் கிடந்தார். 'சாக்ரமென்டோ யூனியன்' பத்திரிகைக்கு ஹவாய்த் தீவுகளிலிருந்து கடிதம் எழுதும் வேலை, கடிதத்துக்கு 20 டாலர். குதிரைச் சவாரியால் உட்காரும் இடமெல்லாம் கொப்புளம். அப்போது ஒரு செய்தி வந்தது. 'ஹார்னெட்' என்ற பாய்மரக் கப்பல் மே 3-ம் தேதி நடுக்கடலில் எரிந்துபோனது. வார்னிஷ் எடுக்க அடித்தட்டுக்குத் திறந்த விளக்கோடு போனதால் பற்றிய தீ. பத்து நாள் சாப்பாட்டோடு சிறு படகில் இறங்கிய 15 பேர், 43 நாள் கழித்து ஹவாயில் கரையேறியிருக்கிறார்கள்.

எழுந்து நிற்க முடியாத நிருபர் என்ன செய்வது? சீனாவுக்கான அமெரிக்கத் தூதர் ஆன்சன் பர்லிங்கேம் அப்போது ஊரில் இருந்தார். ட்வெயினைக் கட்டிலில் போட்டு, கரையேறியவர்கள் இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக ஏற்பாடு செய்தார். அங்கே கேள்வி கேட்டது தூதர். படுத்தபடி குறிப்பெடுத்தது நிருபர். அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து, அல்லது கொப்புளம் அனுமதித்த ஏதோ ஒரு கோணத்தில், எழுதி முடித்தார். காலையில் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பிய கப்பல் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தபோது காகிதக் கட்டைத் தூக்கித் தளத்தில் எறிந்தார்கள். ஜூலை 19-ல் யூனியனின் முதல் பக்கம். வேறு எந்தப் பத்திரிகையிடமும் அந்த விவரம் இல்லை.

ஊர் திரும்பியதும் காலத்துக்கு 100 டாலர் வீதம் 300 டாலர் பில் போட்டார். கேஷியர் மயக்கம் போடாத குறை. முதலாளிகள் பகல்கொள்ளை என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்கள். (இந்தப் பத்தியை எந்தக் கணக்குப் பிரிவுக்கும் காட்டிப் பயனில்லை.)

அதே விஷயத்தை விரித்து, பயணிகளின் நாட்குறிப்புகளையும் சேர்த்து, 'ஹார்ப்பர்ஸ்' மாத இதழுக்கு அனுப்பினார். இனி இலக்கியவாதி என்று பெருமையாகக் காத்திருந்தார். டிசம்பரில் வந்தது. பெயர் 'ஸ்வெயின்' என்று அச்சாகியிருந்தது. அச்சுக்கோத்துப் பிழைத்தவருக்கு அச்சுக்கோப்பவர் செய்த மரியாதை.

அதன் பிறகு 1867-ல் கப்பலேறி ஐரோப்பா, பாலஸ்தீனம் என்று சுற்றிக் கடிதங்கள் எழுதியது, அவை புத்தகமாகிப் பெயர் வாங்கிக் கொடுத்தது எல்லாம் ஊரறிந்த கதை. அந்தப் பணமும் மாமனாராகப் போகிறவர் பணமும் தைரியம் கொடுக்க, 1869-ல் 'பஃபலோ எக்ஸ்பிரஸ்' பத்திரிகையில் மூன்றில் ஒரு பங்கை 25,000 டாலருக்கு வாங்கினார். 1871-ல் நஷ்டத்துக்கு விற்றார்.

ட்வெயினை ஹக்கிள்பெரியோடு நிறுத்திவிடாதீர்கள். ஹார்னெட் கடிதத்தைத் தேடிப் படியுங்கள். செருப்புத் தோலையும் பன்றித்தொடை சுற்றிவந்த துணியையும் மனிதர்கள் மென்று தின்றதை, ஒரு வைக்கோல் துரும்புகூடச் சேர்க்காமல் எழுதியிருக்கிறார்.